வாளுக்கு இடம் விடாத அங்கி

செப்டம்பர் 27

அன்புள்ள ஊசி அக்காவுக்கு,

போன் செய்தால் எடுக்கமாட்டீர்கள். எடுத்தாலும் எந்த முகத்தோடு பேசுவேன்? அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் தம்பி வீட்டு முகவரியைக் கடைச் சொந்தக்காரரிடம் கெஞ்சி வாங்கினேன். "ஊசிக்கும் மாத்திரைக்கும் சண்டையா? அப்ப நோயாளி கதி என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். தையல்கடையும் மருந்துக்கடையும் ஒட்டி இருப்பதால் தெரு நமக்கு வைத்த பெயர். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

உங்கள் ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. காய்ச்சல் மாத்திரைக்கு வருகிறவர்கள்கூட "டெய்லரம்மா எப்ப வருவாங்க?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். பாட்டிலைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டு "தெரியலையே" என்கிறேன். நேற்றுச் சாயங்காலம் டீ வந்ததும் பழக்கதோஷத்தில் பாட்டில் அடியால் நடுச்சுவரைத் தட்டிவிட்டேன். பதிலுக்குக் கத்தரிக்கோல் பிடியால் நீங்கள் தட்டுவீர்களே, அந்தச் சத்தம் வரவில்லை. இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

அன்றைக்கு நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பகுதியைத்தான் நீங்கள் கேட்டீர்கள். சர்ச்சில் நீங்கள் தைத்த அங்கியைப் பிரித்ததும் பெண்கள் எல்லாரும் "அடேயப்பா" என்றார்கள். அந்த நீலமும், கழுத்தோரத்தில் வெள்ளை நூல் வேலையும், கண்ணை எடுக்க முடியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பீடத்தில் நிற்கிற மாதா சுரூபத்துக்குப் போடப்போனோம். நெஞ்சில் இடித்தது. எங்கள் வியாகுல மாதாவின் நெஞ்சில் ஒரு சின்ன வெள்ளி வாள் குத்தி நிற்கும் அக்கா. அது வெளியே வர அங்கியில் திறப்பே இல்லை.

அளவெடுத்து உங்களிடம் கொடுத்தவள் நான். தலைச் சுற்றளவு, தோள், கை, உயரம் எல்லாம் எழுதினேன். வாளை எழுதவில்லை.

பாட்டுக்குழுத் தலைவி இருக்கிறாரே, நாம் ஆர்மோனியம் என்று சொல்லிச் சிரிப்போமே, அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "யாரு தைச்சது? உன் பக்கத்துக் கடைக்காரம்மாதானே? வாள் இருக்குன்னு நீ சொல்லலையா?"

நான் சொன்னேன்: "சொன்னேனே. சொல்லியும் வேணும்னேதான் மூடித் தைச்சிருக்காங்க. அவங்கதான் சிலுவையையே ஒத்துக்கமாட்டாங்களே."

வாய் தவறி வந்துவிட்டது அக்கா. பயத்தில் வந்த பேச்சு. பூசைக்கு மணி அடித்துவிட்டது. கத்தரிக்கோலை எடுத்து நெஞ்சு இருந்த இடத்தில் ஒரே வெட்டாக வெட்டினேன். திரும்பினால் பக்கவாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள். அங்கி எப்படி விழுகிறது என்று ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போக வந்திருப்பீர்கள்.

நான் கூப்பிடுவதற்குள் போய்விட்டீர்கள். பேச்சுக்கோ கால் முளைத்துவிட்டது. சர்ச் பள்ளிக்கூடச் சீருடை வேலையை உங்களிடமிருந்து எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் பிள்ளை நம்மை விட்டுப் போன வருஷம் உங்களோடு உட்கார்ந்திருந்தவளா இப்படிப் பேசினாள் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

மன்னித்துவிடுங்கள். கடையைத் திறங்கள்.

வெட்கத்துடன்,
மாத்திரை


அக்டோபர் 5

மாத்திரைக்கு,

கடிதம் கிடைத்தது. தம்பி பிரித்துப் படிக்கவில்லை, தம்பி பொண்டாட்டி படித்திருப்பாள் என்று நினைக்கிறேன். படிக்கட்டும். ஒளிக்க இனி என்ன இருக்கிறது?

வாய் தவறி என்று எழுதியிருக்கிறாய். வாய் தவறினால் ஒரு சொல் தவறும். நீ சொன்னது மூன்று வாக்கியம். முதல் வாக்கியம் பொய். இரண்டாவது பழி. மூன்றாவதில் என்னை "அவங்க" ஆக்கிவிட்டாய். இத்தனை வருஷம் அக்கா, அக்கா என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவளுக்கு ஒரு நொடியில் நான் "அவங்க". அது எப்படியடி வந்தது? உள்ளே எங்கேயோ மடித்து வைத்திருந்தால்தானே அவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியும்?

இங்கே நான் படுவதையும் கேட்டுக்கொள். "சிலைக்குச் சட்டை தைக்கிற அளவுக்குப் போயிட்டியாக்கா?" என்கிறான் தம்பி. கோபமாகக்கூட இல்லை, தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறான். "நான் துணிதானே தைச்சேன், தொழவா செஞ்சேன்?" என்றேன். அவனுக்குத் தெரிந்த பெரியவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வான் என்பது அவன் கவலை. அந்தப் பக்கம் உன் ஆட்கள், இந்தப் பக்கம் என் ஆட்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

பை தைக்கும் கம்பெனியில் வேலைக்குப் போகிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே நேர்த்தையல். கழுத்து வெட்டத் தெரிந்தவளா, கை ஏற்றத் தெரிந்தவளா என்று யாரும் கேட்பதில்லை. ஒருவிதத்தில் நிம்மதியாக இருக்கிறது.

கடையை அடுத்த மாதம் ஒப்படைத்துவிடுவதாகச் சொந்தக்காரருக்குச் சொல்லிவிட்டேன். செல்போன் கவர் விற்கிற ஒருவர் கேட்டிருக்கிறாராம். அவர் சுவரைத் தட்டுவாரா என்று தெரியாது.

ஏன் அன்றைக்கு வாய் திறக்காமல் போனேன் என்று நீ யோசித்திருப்பாய். உங்கள் மாதாவைத்தான் நாங்கள் மர்யம் என்கிறோம். அவளுக்குக் குழந்தை பிறந்ததும், இன்றைக்கு எந்த மனுஷரோடும் பேசாதே என்று கட்டளை வந்தது. ஊர் கூடி நின்று மானத்தை வாங்கியது. அவள் பேசவில்லை, குழந்தையைக் காட்டினாள். நான் எதைக் காட்டுவது? துணியைத்தான் காட்டியிருக்கலாம். அதை நீ வெட்டிவிட்டாய்.

இனி எழுதாதே.

ஊசி


அக்டோபர் 10

அக்கா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். அடிப்பதானால் கடிதத்தை அடியுங்கள்.

வாய் தவறவில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி. ஒரு நொடிக்குள் யோசித்து, கணக்குப் போட்டு, அப்புறம்தான் சொன்னேன். பீடத்துக்குப் பின்னால் இருக்கிற அறைச் சாவி என்னிடம் இருந்தது உங்களுக்குத் தெரியும். மருந்துக்கடையில் முதலாளி அதட்டுவார், வாடிக்கையாளர் அதட்டுவார், மருந்துச் சீட்டு எழுதிய டாக்டரின் கையெழுத்துகூட என்னை அதட்டும். அந்த அறை ஒன்றில்தான் "பூவை எங்க வைக்கலாம்மா?" என்று என்னைக் கேட்டுவிட்டுச் செய்வார்கள். அளவை மறந்தது நான் என்று சொன்னால் அந்தச் சாவி போய்விடும் என்று பயந்தேன். ஒரு சாவிக்காக உங்களை விற்றேன். எழுதிப் பார்க்கும்போதே கூசுகிறது.

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் பேதுருவைத் திட்டித் தீர்த்தவள் நான். இயேசுவைத் தெரியவே தெரியாது என்று சொன்ன சீடர். அவராவது தெரியாது என்பதோடு நிறுத்திக்கொண்டார். நான் பழியும் போட்டேன்.

வாளை எப்படி மறந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே அது புதிதாக இருக்கிறது. அந்த வாளைக் கழற்றிப் பல்பொடி போட்டுத் தேய்த்து மறுபடி செருகுகிறவள் நான்தான். கையில் பிடித்துத் தேய்த்த சாமானை மறப்பார்களா? மறந்தேன். பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து அது எனக்கு வாளாகவே தெரியாமல் போய்விட்டது. காதில் கம்மல் மாதிரி, நெஞ்சில் அது ஒரு நகை. ஒரு பெண்ணின் நெஞ்சில் வாள் ஏறியிருக்கிறது என்று எனக்கு உறைத்தது நீங்கள் தைத்த துணி அதில் இடித்து நின்றபோதுதான்.

அது என்ன வாள் என்றும் சொல்கிறேன். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஆலயத்துக்குப் போனபோது ஒரு கிழவர், உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்றாராம். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் பலித்துவிட்டது. மகனைச் சிலுவையில் அறைந்தபோது அவள் அடியிலேயே நின்றாள். அந்த வாள்தான் இது.

அக்கா, மர்யமுக்கு ஊர் கூடி மானத்தை வாங்கியது என்று எழுதியிருந்தீர்களே, அது எனக்குத் தெரியவே தெரியாது. இந்தப் பக்கம் நான் "அருள் நிறைந்த மரியே" என்று ஜெபமாலை உருட்டுவேன். அந்தப் பக்கம் நீங்கள் ஓதுவது எனக்குக் கேட்கும். நடுவில் ஒரு செங்கல் கனம். உங்கள் புத்தகத்தில் அவளுக்கு என்ன ஆனது என்று ஒரு நாள் கேட்டிருக்கிறேனா? ஒத்துக்கமாட்டாங்க என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தேன். என்ன ஒத்துக்கொள்கிறீர்கள் என்று தெரியாது.

சொல்வீர்களா?

மாத்திரை


அக்டோபர் 17

மாத்திரைக்கு,

உன் பேதுருவைப் பற்றி எனக்குத் தெரியாது. உன்னைவிட நல்ல மனுஷர் என்று படுகிறது.

கேட்டாய் என்பதால் சொல்கிறேன். கேட்ட பிறகு சொல்லாமல் இருந்தால் அது எனக்குப் பாவம். எங்கள் குர்ஆனில் ஒரு அத்தியாயத்துக்கே மர்யம் என்றுதான் பெயர். வேறு எந்தப் பெண்ணின் பெயரும் அதில் இல்லை. இவள் ஒருத்திதான். ஆண் தொடாமல் பிள்ளை உண்டானது உங்களுக்கும் எங்களுக்கும் பொதுதான், அதில் சண்டை இல்லை. அதற்கப்புறம்தான் வழி பிரிகிறது. உங்களவளுக்குத் துணைக்கு ஒரு தச்சர் இருந்தார், இல்லையா? மாட்டுக்கொட்டகையாவது கிடைத்தது. எங்களவள் தன்னந்தனியாகத் தொலைவுக்குப் போனாள். வலி எடுத்தது. பிடித்துக்கொள்ள ஒரு பேரீச்ச மரத்தின் அடிதான் இருந்தது. அப்போது அவள் என்ன சொன்னாள் தெரியுமா? இதற்கு முன்னாலேயே நான் செத்து, அடியோடு மறந்துபோன ஒன்றாக ஆகியிருக்கக் கூடாதா என்றாள்.

அந்த இடம் வந்தால் என்னால் அதற்குமேல் சத்தமாக ஓத முடியாது. அவ்வளவு பெரிய பெண்மணி, அல்லாஹ்வே தேர்ந்தெடுத்தவள், அவளுக்கே வெட்கம் அந்த அளவுக்கு இருந்திருக்கிறது. அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வருகிறது: கவலைப்படாதே, உனக்குக் கீழே ஓடை ஓடுகிறது, மரத்தை உலுக்கு, பழம் விழும், சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு. உபதேசம் ஒன்றும் இல்லை. சாப்பிடு, குடி. பிள்ளை பெற்றவளுக்கு வேண்டியது அதுதானே?

அப்புறம் குழந்தையோடு ஊருக்குள் வருகிறாள். உன் அப்பா கெட்டவர் இல்லையே, உன் அம்மா நடத்தை கெட்டவள் இல்லையே, நீ ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். அவள் தொட்டிலைக் காட்டுகிறாள். குழந்தை பேசுகிறது, தாயின் மானத்தைக் காப்பாற்றுகிறது.

ஈஸா நபியை அவர்கள் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை. அவர்களுக்கு அப்படித் தோன்றியது. அல்லாஹ் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான். உங்களுக்கு அவர் கடவுளின் மகன். எங்களுக்கு அவர் மர்யமின் மகன், எங்கள் நபி. இதில் நானும் இறங்கிவரப் போவதில்லை, நீயும் இறங்கிவர வேண்டாம். எங்கள் மர்யமின் நெஞ்சில் வாள் கிடையாது, அவ்வளவுதான்.

நீ வாளை எழுதிக் கொடுக்கவில்லை. அது உண்மை.

இன்னொன்று. திரும்பத் திரும்ப என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாய். பழியை என்னிடமா சொன்னாய்? எங்கே கொட்டினாயோ அங்கே போய்ப் பொறுக்கு.

ஊசி


அக்டோபர் 26

அக்கா,

பொறுக்கிவிட்டேன்.

இன்றைக்குப் பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் ஃபாதரிடம் போய், "எனக்கு ஒரு நிமிஷம் மைக் வேணும்" என்றேன். ஏதோ காணாமல் போன சாவிக்கொத்து விஷயம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். மைக் கையில் வந்ததும் கீச்சென்று கத்தியது. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். பொத்திய கையை எடுக்காமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் எழுதி வைத்துப் பழகியதெல்லாம் பறந்துவிட்டது. இப்படித்தான் சொன்னேன்: "மாதா அங்கியைத் தைச்சவங்க மேல ஒரு தப்பும் இல்லை. வாள் இருக்குன்னு நான் அவங்ககிட்ட சொல்லவே இல்லை. மறந்துட்டேன். சொன்னேன்னு பொய் சொன்னேன். அவங்க மதத்தை இழுத்துப் பேசினேன். அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கண்டிப்பா இடம் விட்டுத் தைச்சிருப்பாங்க. அவங்க வேலை அப்படி."

அப்புறம் எப்படிக் கீழே இறங்கினேன் என்று தெரியவில்லை. யாரோ இருமினார்கள், எந்தச் சிரப் வாங்கினவர் என்றுகூடக் கண்டுபிடித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதர் "உட்காரும்மா" என்றார். குரல் கனிவாகத்தான் இருந்தது, அது இன்னும் மோசம். வாசலில் ஆர்மோனியம் கையை நீட்டினார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோம்மா" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டேன். எதைக் காப்பாற்ற உங்களை விற்றேனோ அது போயேபோய்விட்டது. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நல்ல காரியம் செய்ததற்கான அழுகை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரும் பார்த்தார்களே என்ற அழுகைதான்.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை சிஸ்டர் சாயங்காலம் கடைக்கே வந்தார். தலைவலி மாத்திரை கேட்டார், வாங்காமல் நின்றார். "விசாரிக்காம எடுத்துட்டோம். வெட்கமா இருக்கு. அவங்க வந்தா சீருடை வேலை அவங்களுக்குத்தான்" என்றார். கடைச் சொந்தக்காரரும் செல்போன் கவர்காரரை அடுத்த மாதம் முடியும்வரை நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மரத்தை உலுக்கு, சாப்பிடு, குடி என்ற அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை. எங்கள் கதையில் தேவதூதர் வந்து பெரிய பெரிய செய்தி சொல்வார். சாப்பிட்டாயா என்று அவளை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போதாவது வருவீர்களா?

மாத்திரை


நவம்பர் 3

மாத்திரைக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். கம்பெனியில் நேர்த்தையலே கோணிவிட்டது, மேஸ்திரி சத்தம் போட்டான்.

உன்னை அங்கே போய்ச் சொல் என்று ஏவினேன். நீ அப்படியே போய் நிற்பாய் என்று நினைக்கவில்லை. நின்றாய். நின்று, "அவங்களுக்குத் தெரியாது" என்று எனக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறாய்.

எனக்குத் தெரியும்.

என் பிள்ளை பைக்கில் போனவன் திரும்பாமல் போன வருஷம், என்னை வீட்டுக்குள்ளேயே கிடக்கவிடக்கூடாது என்று கையைப் பிடித்து நடக்க வைப்பாயே. ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. சர்ச் வாசலில் ஒதுங்கினோம். நீ உள்ளே போய் மெழுகுவர்த்தி ஏற்றினாய். கதவு திறந்திருந்தது. உன் தலைக்கு மேலே அவளைப் பார்த்தேன், நெஞ்சில் வாளோடு.

என்னைப்போல் ஒருத்தி என்று ஆறுதல் வந்திருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். வரவில்லை. கோபம் வந்தது. உலகத்தில் ஒரே ஒரு தாயாவது பிள்ளையைப் பறிகொடுக்கிற விதியிலிருந்து தப்பினாள் என்று நம்பித்தான் அந்த நாட்களில் நான் கண் மூடினேன். அவளையும் விட்டுவைக்கவில்லையா இவர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீ வெளியே வந்து என் தலையைத் துவட்டினாய். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு நீ அளவுத்தாளைக் கொண்டுவந்தாய். அதில் வாள் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மறந்துவிட்டாய் என்பதும் தெரிந்தது. சுவரைத் தட்டி, "ஏய், வாளுக்கு எங்கடி இடம் விட?" என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? கேட்கவில்லை. சாக்குக்கட்டியால் நெஞ்சுக்கு நேரே கோடுகூடப் போட்டேன். கத்தரிக்கோலை வைத்தேன். வெட்டக் கை வரவில்லை. கோட்டைத் தட்டி அழித்துவிட்டு மூடித் தைத்தேன். போட்டுப் பார்த்தால் வாள் இடிக்கும், அப்போது அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள், ஒரு நாளாவது அவள் சும்மா நிற்பாள் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம். அதைப் பார்க்கத்தான் பக்கவாசலுக்கு வந்தேன்.

வேணும்னேதான் மூடித் தைச்சிருக்காங்க என்றாய். அது நிஜம். நீ சொன்ன காரணம்தான் பொய். அதனால்தான் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. மர்யமின் மௌனம் என்று பெரிதாக எழுதினேனே, அவளுடையது குற்றமில்லாதவளின் மௌனம். என்னுடையது அகப்பட்டுக்கொண்டவளின் மௌனம். அவள் பெயரைச் சொல்லி என் வெட்கத்தை மூடினேன், உன்னையும் ஊர் முன்னால் நிறுத்தினேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

உங்கள் வீட்டு மாதாவின் துக்கத்தை எடுக்க நான் யார்? என் துக்கத்தைத் தாங்க முடியாமல் அவள் துக்கத்தில் கை வைத்தேன்.

இன்னொன்று, இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. அவர்களுக்கு அப்படித் தோன்றியது என்று எங்கள் புத்தகம் சொல்கிறது. பெற்றவளுக்கும் அப்படித்தான் தோன்றியதா? பிள்ளை உயர்த்தப்பட்டான் என்று தெரிகிற வரைக்கும் அவள் எங்கே இருந்தாள், என்ன நினைத்தாள்? அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரமாவது அவளும் நம்பியிருந்தால், அந்தக் கொஞ்ச நேரம் வாள் இருந்திருக்கும். பை தைக்கும்போது இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஊரில் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அந்த அங்கியை மட்டும் எப்படியாவது எனக்கு அனுப்பு.

ஊசி


நவம்பர் 9

அக்கா,

மறைக்காமல் சொல்கிறேன், கோபம் வந்தது. என்னை மைக்கில் நிற்க வைத்துவிட்டு அங்கே பை தைத்துக்கொண்டிருந்தீர்களே என்று உங்கள் கடிதத்தைச் சுருட்டி எறிந்தேன். பிறகு நானே குனிந்து எடுத்து நீவினேன். இன்னும் சுருக்கம் போகவில்லை.

கோபம் அடங்கியதும் வந்தது பழைய வெட்கம்தான், புதுச்சட்டை போட்டுக்கொண்டு. அன்றைக்கு மழையில் உங்களை வாசலில் நிறுத்திவிட்டு உங்கள் பிள்ளைக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன். உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்கு அது பிடிக்குமா, உங்களுக்குப் பிடிக்குமா என்று யோசிக்கவில்லை. என் மாதா, என் மெழுகுவர்த்தி, என் நல்ல மனசு. திரும்பி வந்தபோது உங்கள் முகம் மாறியிருந்தது. குளிருகிறது போலும் என்று தலையைத் துவட்டினேன். மருந்துக்கடைக்காரி, வலி எங்கே என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

மைக்கில் இதைச் சொல்லப்போவதில்லை. அளவை மறந்ததும் பொய் சொன்னதும் பழி போட்டதும் நான்தான், அது மாறாது. ஃபாதரிடம் மட்டும், உங்கள் கடிதத்தைக் காட்டாமல், வாயால் சொன்னேன். சாவி இல்லாமல் அங்கியை எடுக்க அவரைத்தானே கேட்க வேண்டும்? "அந்தம்மாவுக்கு வெட்டக் கை வரலை. நமக்குப் பார்த்துப் பார்த்து அது வாளாவே கண்ணுல படலை" என்றார். அவரே போய் எடுத்து மடித்துக் கொடுத்தார்.

இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் வெட்டிய இடத்தில் நூல் பிரிந்து பிரிந்து ஓட்டை பெரிதாகிவிட்டது. பார்க்கும்போது உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

நீங்கள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. ஆனால் தேடிப் பார்த்தேன். சிலுவையடியில் அவள் அழுதாள் என்று எங்கள் புத்தகத்தில் இல்லை. மயங்கினாள் என்றும் இல்லை. நின்றாள் என்று மட்டும்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளையை அடக்கம் செய்து வந்தபின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, ஒன்றும் தைக்காமல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்களே, அதுதான் ஞாபகம் வந்தது.

மாத்திரை


நவம்பர் 18

என் மாத்திரைக்கு,

அங்கி வந்தது. என்ன கையடி உனக்கு? எலி கடித்த மாதிரி வெட்டியிருக்கிறாய். இந்தக் கையால் எப்படி மாத்திரை அட்டையை நறுக்குகிறாய்?

வெட்டியதை ஒட்ட முடியாது. நூல் பிரியாமல் கட்டலாம். அதற்குத்தான் காஜா. பட்டன் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நூலால் நெருக்கமாகக் கட்டுகிறோமே, அதையேதான் பெரிதாக, கையால் எடுத்திருக்கிறேன். தம்பி பார்த்தான். "இன்னும் விடலையாக்கா நீ?" என்றான். "கிழிஞ்சதைத் தைக்கிறேன்" என்றேன். எனக்கு வெளிச்சம் படும்படி நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டுப் போனான்.

ஃபாதரிடம் கொடுக்கும்போது போடுகிற விதத்தைச் சொல். முதலில் வாளைக் கழற்ற வேண்டும். அங்கியைப் போட்டு, மடிப்பை நீவி, அதற்கப்புறம்தான் காஜா வழியாக வாளைச் செருக வேண்டும். அவசரப்பட்டு இழுக்கக்கூடாது. வாளுக்குப் புதிதாக எதையும் நான் சேர்க்கவில்லை, எடுக்கவும் இல்லை. அது உங்களுடையது. துணி கிழியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு? காஜாவுக்கு வலுவாகப் பின்னால் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைப்போம். அங்கே இருப்பது வெள்ளையில் மெல்லிய சாம்பல் கோடு. என் பிள்ளையின் சட்டை. அவன் ஒரு நாளும் போட்டதில்லை. "எப்பம்மா முடிப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஊராருடைய அவசரமெல்லாம் முடியட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். தெருவுக்கெல்லாம் காஜா எடுத்தவள் அவன் சட்டைக்கு மட்டும் எடுக்கவில்லை. இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை, அவ்வளவு வெட்கம். அந்தச் சட்டையின் நெஞ்சுப் பக்கத்திலிருந்துதான் ஒரு துண்டு வெட்டினேன். இந்தத் தடவை கை வந்தது. இனி அந்த வாள் அவன் சட்டையைத் தாண்டித்தான் அவளிடம் போகும்.

கடைச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வருகிறேன். ஷட்டருக்கு எண்ணெய் போட்டு வை, துரு பிடித்திருக்கும்.

வாசலில் வந்து நிற்காதே. உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நாளாகும். உனக்கும் ஆகும். அதுவரை நடுவில் சுவர் இருக்கிறது. டீ வந்ததும் தட்டுகிறேன்.

உன் அக்கா